உறைபனிக் காலையில் ஸ்கூட்டர்: விரல்கள் மரத்துப் போகாமல் காப்பது எப்படி?

தலைகுந்தாவாசி:

அனைவருக்கும் வணக்கம். நான் உதகையில் ஒரு மருத்துவமனையின் பரிசோதனைக் கூடத்தில் பணியாற்றுகிறேன். காலை ஆறு மணிப் பணிக்காகத் தலைகுந்தாவிலிருந்து ஐந்தரை மணிக்கே 110 சிசி ஸ்கூட்டரில் புறப்பட வேண்டியிருக்கிறது. தொலைவு பத்து கிலோமீட்டருக்கும் குறைவுதான். ஆனால் டிசம்பரில் மழை ஓய்ந்து வானம் தெளிந்துவிட்டால், புல்வெளியிலும் வாசலில் நிறுத்திய வண்டியின் இருக்கையிலும் உறைபனி வெள்ளையாகப் படிந்து கிடக்கும் நேரம் அது. ஸ்வெட்டர், அதன் மேல் ஜெர்கின், தலைக்குக் குல்லா, அதன் மேல் ஹெல்மெட் என்று உடம்பை எப்படியோ காத்துக்கொள்கிறேன். கைகளுக்குத்தான் வழி தெரியவில்லை. கம்பளிக் கையுறை அணிந்தும் பாதி வழியிலேயே சுண்டு விரலும் மோதிர விரலும் மரத்துவிடுகின்றன. ஊருக்குள் நுழையும்போது பிரேக் லிவரை எவ்வளவு அழுத்தியிருக்கிறேன் என்பது விரலுக்குத் தெரிவதில்லை. வண்டியின் வேகம் குறைவதைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறேன். இன்னும் தடிமனான கையுறை வாங்குவதா, சூடேறும் கைப்பிடி பொருத்துவதா, வேறு வழி உண்டா என்று அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

கல்லட்டி36:

சகோதரிக்கு வணக்கம். தாங்கள் கடைசியில் எழுதியதைத்தான் முதலில் கவனிக்க வேண்டும் என்று நினைக்கிறேன். கை குளிர்வதை வெறும் சிரமம் என்று பலரும் பல்லைக் கடித்துக்கொண்டு தாங்கிக்கொள்கிறார்கள். மோட்டார் சைக்கிளில் பின் சக்கர பிரேக்காவது காலில் இருக்கிறது. ஸ்கூட்டரில் இரண்டு பிரேக்குகளும் கையில்தான் இருக்கின்றன. 2019 ஏப்ரல் முதல் 125 சிசி வரையிலான புதிய ஸ்கூட்டர்களில், இடது லிவரைப் பிடித்தால் இரண்டு சக்கரங்களும் சேர்ந்து பிடிக்கும் ஏற்பாடு கட்டாயமாகியிருக்கிறது என்பது உண்மை. ஆனாலும் அந்த லிவரை இழுக்க வேண்டியது மரத்துப் போன அதே விரல்கள்தான். மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி ஒரு நொடிக்கு 11 மீட்டர் ஓடுகிறது. விரல் மடங்க ஒரு நொடி தாமதித்தால், குறுக்கே வரும் மாட்டுக்கும் வண்டிக்கும் இடையே இருந்த இடைவெளி போய்விடும்.

மலை இறக்கத்தில் இது இன்னும் கடுமை. கியர் இல்லாத வண்டியில் ஆக்சிலேட்டரை முழுவதும் விட்டு வேகம் குறைந்ததும் கிளட்ச் தானாக விடுபட்டு, எஞ்சினின் பிடிப்பு போய்விடுகிறது. அதன் பிறகு வண்டியைத் தாங்குவது பிரேக் மட்டுமே. கல்லட்டிச் சாலையின் 36 கொண்டை ஊசி வளைவுகளிலும் பனிக்காலத்தில் ஸ்கூட்டர் இறக்கியவர்களுக்கு, எட்டாவது பத்தாவது வளைவிலேயே விரல்கள் எப்படி விறைத்துப் போகும் என்பது தெரியும்.

இனி தங்கள் கேள்விக்கு வருகிறேன். கம்பளிக் கையுறை நிற்கிற இடத்தில் கதகதப்பாக இருக்கும், ஓடுகிற வண்டியில் இருக்காது. கம்பளியின் வெப்பம் அதன் இழைகளுக்குள் சிக்கியிருக்கும் காற்றில் இருக்கிறது. எதிர்க்காற்று அந்தப் பின்னலுக்குள் புகுந்து அதை அடித்துக்கொண்டு போய்விடுகிறது. கனடாவும் அமெரிக்காவும் 2001 முதல் பயன்படுத்தும் காற்றுக்குளிர்க் கணக்கின்படி, 5 டிகிரி குளிரில் மணிக்கு 40 கிலோமீட்டர் காற்று அடித்தால், மூடாத தோலுக்கு அது காற்றில்லாத இடத்தின் மைனஸ் 1 டிகிரி போல இருக்கும். 0 டிகிரி என்றால் மைனஸ் 7 போல இருக்கும். அதே கணக்கில் இன்னொன்றும் தெரிகிறது. 5 டிகிரியில் வேகத்தை 40இலிருந்து 25ஆகக் குறைத்தாலும் ஒரு டிகிரி அளவுக்குத்தான் ஆதாயம் கிடைக்கும். ஆகவே மெதுவாகப் போவதால் கை தப்பிக்காது. காற்றைக் கையில் படாமல் தடுக்க வேண்டும். சூடேற்றுவதைப் பற்றி அதற்குப் பிறகு யோசிக்கலாம்.

பாலாடா_தோட்டம்:

கல்லட்டி அண்ணன் சொன்னது முற்றிலும் சரி. கேத்தி பாலாடாப் பக்கம் கேரட் பிடுங்க விடியற்காலை இருட்டிலேயே ஆட்கள் வந்துவிடுவார்கள். அவர்களை வைத்து வேலை வாங்கும் எங்களுக்கும் அந்த நேரத்தில் வண்டியில் அலைய வேண்டியிருக்கிறது. நாங்கள் செய்வது செலவில்லாத வழி. மெல்லிய கம்பளிக் கையுறையை அணிந்து, அதன் மேல் பூச்சிமருந்து தெளிக்கப் பயன்படுத்தும் ரப்பர் கையுறையில் புதியது ஒன்றை, ஒரு அளவு பெரியதாகப் பார்த்து மாட்டிக்கொள்கிறோம். மருந்து பட்ட பழைய கையுறையை இதற்கு எடுக்கவே கூடாது. ரப்பர் காற்றையும் பனி நீரையும் உள்ளே விடாது. கம்பளி உள்ளிருக்கும் வெப்பத்தைப் பிடித்துவைக்கும். குறை ஒன்றே ஒன்று, அரை மணிக்கு மேல் ஓட்டினால் உள்ளே வியர்த்துக் கம்பளி ஈரமாகிவிடும். தங்களுடையது குறுகிய தொலைவு என்பதால் அது பெரிய தொல்லையாக இராது. பிடிமானம் வழுக்கும் கையுறையாக இல்லாமல், உள்ளங்கையில் சொரசொரப்பு உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள்.

மருத்துவர்_கோத்தகிரி:

உடலியல் பக்கம் இருந்து சில செய்திகளைச் சேர்க்கிறேன். குளிர் பட்டதும் உடல் முதலில் காப்பது இதயம், மூளை முதலியவற்றைத்தான். அதற்காகக் கை கால்களின் தோலுக்குச் செல்லும் இரத்தக் குழாய்களைச் சுருக்கிவிடுகிறது. வாய்க்காலில் தண்ணீர் குறைந்தால் கடைமடை வயல் முதலில் காய்வதைப் போல, விரல் நுனிக்கு வர வேண்டிய சூடான இரத்தம்தான் முதலில் நிற்கிறது. எனவே மார்பும் கழுத்தும் குளிர்ந்திருக்கும்போது, கையுறையை மட்டும் எவ்வளவு தடிமனாக்கினாலும் விரல் சூடாகாது. கையுறை வெப்பத்தை உண்டாக்குவதில்லை. இரத்தம் கொண்டு வருகிற வெப்பத்தைக் காத்துவைக்கிறது, அவ்வளவுதான். ஜெர்கினின் ஜிப்பை மேல் வரை இழுத்து, கழுத்தில் மப்ளர் சுற்றி, மார்புப் பக்கம் காற்று புகாமல் பார்த்துக்கொண்டால் அதன் பலன் கையில் தெரியும். ஜெர்கினுக்குள் மார்பின் குறுக்கே செய்தித்தாளை மடித்து வைக்கும் பழைய வழக்கம் மிகவும் சரியான ஒன்று.

இரண்டாவதாக, விரலை மடக்கும் தசைகளில் பெரும்பாலானவை விரலில் இல்லை, முன்கையில் இருக்கின்றன. அங்கிருந்து நரம்பு போன்ற தசைநாண்கள் மணிக்கட்டைக் கடந்து விரலுக்கு வருகின்றன. மணிக்கட்டில் இரத்தக் குழாய்களும் தோலுக்கு மிக அருகில் ஓடுகின்றன. கையுறைக்கும் சட்டைக் கைக்கும் இடையே இரண்டு அங்குலம் தோல் தெரிந்தால், விரலுக்குப் போகும் இரத்தம் அங்கேயே குளிர்ந்துவிடும். இறுக்கமான கையுறையும் வேண்டாம். இரண்டு மூன்று கையுறைகளை ஒன்றன் மேல் ஒன்றாகத் திணித்துப் போடுபவர்களுக்குக் கை இன்னும் சீக்கிரம் மரப்பது, அழுத்தத்தால் இரத்த ஓட்டம் குறைவதனால்தான். விரல்களை உள்ளே ஆட்ட இடம் இருக்க வேண்டும்.

விரல் தோலின் வெப்பநிலை சுமார் 15 டிகிரிக்குக் கீழே போனதும் நுட்பமான அசைவுகள் வேகமாகத் தடுமாறத் தொடங்கும். 8 டிகிரியை நெருங்கும்போது தொடு உணர்வே ஏறத்தாழ இல்லாமற்போகும். தாங்கள் லிவரின் அழுத்தம் தெரியவில்லை என்று எழுதியது அந்த நிலையைத்தான் காட்டுகிறது. ஒன்றைக் கேட்க வேண்டும்: விரல் மரக்கும்போது அதன் நிறம் மாறுகிறதா?

லாசப்பல்_தம்பி:

வணக்கம் அக்கா. நான் பாரிசில் ஸ்கூட்டரில் உணவு கொண்டுபோய்க் கொடுக்கும் வேலை செய்கிறேன். இங்கு குளிர்காலத்தில் 2, 3 டிகிரியில் இரவு முழுவதும் ஓட வேண்டியிருக்கும். பிரான்சில் 2016 நவம்பர் முதல் இருசக்கர மோட்டார் வண்டி ஓட்டுபவர் தரச் சான்றுள்ள கையுறை அணிவது சட்டப்படி கட்டாயம்; ஆகவே கையுறை எல்லோரிடமும் உண்டு. ஆனால் ஸ்கூட்டரிலேயே பிழைப்பவர்கள் அதை மட்டும் நம்புவதில்லை. கைப்பிடி, பிரேக் லிவர், சுவிட்சுகள் எல்லாவற்றையும் சேர்த்து மூடும் பை போன்ற உறை ஒன்றை ஹேண்டில்பாரிலேயே கட்டிவிடுவார்கள். வெளியே நீர் புகாத துணி, உள்ளே பஞ்சு அல்லது ரோமத் துணி. கையை அதற்குள் நுழைத்து ஓட்டுவோம். உள்ளே காற்றே வராது என்பதால் மெல்லிய கையுறை போதும், விரலின் உணர்வும் கெடாது. தடித்த கையுறை போட்டு லிவரைத் தேடுவதை விட இது எவ்வளவோ மேல். சீனா, தைவான், கொரியா ஆகிய நாடுகளிலும் இதைப் பரவலாகப் பயன்படுத்துகிறார்கள். கடைக்கு முன்னால் நிறுத்திவிட்டுத் திரும்பி வரும்போது மழைத் தண்ணீர் உள்ளே இறங்கியிருக்கக் கூடாது. அதற்காக உறையின் வாயை மடித்துவிட்டுப் போக வேண்டும், அல்லது ஒரு பிளாஸ்டிக் பையால் மூட வேண்டும்.

மேட்டுப்பாளையம்_சாலை:

இந்த ஹேண்டில் உறையைப் பற்றி எனக்கு மாற்றுக் கருத்து உண்டு. வண்டி சாய்ந்தால் நாம் அனிச்சையாகக் கையை ஊன்றுகிறோம். உறைக்குள் சிக்கிய கை வெளியே வராமற்போனால் வண்டியோடு சேர்ந்து இழுபட நேரிடும் அல்லவா? அதோடு, மேட்டுப்பாளையத்தில் ஏறும்போது இதமாக இருக்கும் காற்று, கல்லாறு, பர்லியாறு, குன்னூர் என்று சுமார் 1,900 மீட்டர் உயர்ந்து உதகை சேர்வதற்குள் ஏறத்தாழ 12 டிகிரி குறைந்துவிடுகிறது. வண்டியிலேயே கட்டிய உறையை வழியில் கழற்றவும் மாட்டவும் முடியாது. கையுறை என்றால் வேண்டிய இடத்தில் போட்டுக்கொள்ளலாம்.

லாசப்பல்_தம்பி:

அண்ணா, தங்கள் அச்சம் நியாயமானது. நல்ல உறையின் வாய் அகலமாக, மணிக்கட்டை இறுக்காமல் இருக்கும். கயிறு வைத்துக் கையோடு சேர்த்துக் கட்டும் வகையை வாங்கவே கூடாது. வண்டியை நிறுத்தி வைத்துக்கொண்டு, கண்ணை மூடி, கையை வெளியே எடுப்பதும் திரும்ப நுழைத்து லிவரைப் பிடிப்பதும் பழகும் வரை சாலைக்கு எடுத்துப் போகக் கூடாது. விழும்போது கையை ஊன்றுவதற்குத்தான் உள்ளே மெல்லிய கையுறை அவசியம் போட வேண்டும் என்கிறேன். உறை இருக்கிறதே என்று வெறுங்கையோடு ஓட்டுபவர்களுக்கு உள்ளங்கைத் தோல் மிஞ்சாது. நீண்ட ஏற்றச் சாலையில் வெப்பநிலை மாறிக்கொண்டே இருக்கும் தங்கள் பயணத்துக்குக் கையுறைதான் பொருத்தம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். அக்காவின் பயணம் முழுவதும் குளிருக்குள்ளேயே நடக்கிறது.

மின்கம்பி:

நான் குன்னூரில் இருசக்கர வண்டிகளின் மின்வேலை செய்பவன். சூடேறும் கைப்பிடியைப் பற்றி யாரும் எழுதாததால் எழுதுகிறேன். இரண்டு கைப்பிடிகளும் சேர்ந்து 30 முதல் 40 வாட் வரை எடுக்கும். 12 வோல்ட்டில் அது ஏறத்தாழ 3 ஆம்பியர். எஞ்சின் ஓடும்போது நல்ல நிலையில் உள்ள வண்டி இதைத் தாங்கக்கூடும். ஆனால் 2017 முதல் வந்த வண்டிகளில் முகப்பு விளக்கும் எப்போதும் எரிந்துகொண்டிருப்பதால், மிச்சமிருக்கும் மின்சாரம் அதிகமில்லை. ஸ்கூட்டரின் பேட்டரி 3 முதல் 5 ஆம்பியர்-மணி அளவுள்ள சிறியது. எஞ்சினை அணைத்துவிட்டுக் கைப்பிடியை அணைக்க மறந்தால், ஒரு மணி நேரத்திலேயே செல்ஃப் எடுக்காத நிலைக்கு வந்துவிடும். ஆகவே இணைப்பை நேராகப் பேட்டரியில் கொடுக்காமல், இக்னிஷனோடு சேர்ந்து அணையும்படி ரிலேயும் தனி ஃபியூஸும் வைத்துத்தான் கொடுக்க வேண்டும். வலது பக்க வயர் ஆக்சிலேட்டரோடு சேர்ந்து திரும்பும்; அதில் தொய்வு விடாவிட்டால் ஒன்று வயர் அறுந்துவிடும், அல்லது ஆக்சிலேட்டர் தானாகத் திரும்பி வராமல் சிக்கிக்கொள்ளும். இரண்டாவது உயிருக்கே ஆபத்து.

இவ்வளவும் செய்த பிறகும் அது சூடாக்குவது உள்ளங்கையை மட்டுமே. காற்று அடிப்பது விரல்களின் வெளிப்பக்கத்தில். அதனால் சூடேறும் கைப்பிடி மட்டும் போட்டவர்கள், உள்ளங்கை சுடுகிறது, விரல் நுனி மரக்கிறது என்று என்னிடமே வந்து சொல்லியிருக்கிறார்கள். காற்றைத் தடுத்த பிறகு போட்டால் மிகக் குறைந்த சூடே போதும். சகோதரிக்கு என் யோசனை: முதலில் உறை அல்லது காற்றுத் தடுப்பு, போதாவிட்டால் மட்டும் கைப்பிடி.

பெங்களூரு_மின்வண்டி:

மின்சார ஸ்கூட்டர் வைத்திருப்பவர்கள் இதைப் பொருத்தலாமா? பெரிய பேட்டரி இருப்பதால் கவலையில்லை அல்லவா?

மின்கம்பி:

பெரிய பேட்டரி மோட்டாருக்கானது, ஐயா. விளக்கு, ஹாரன் முதலியவற்றுக்கு மின்னழுத்தத்தைக் குறைக்கும் ஒரு மாற்றி மூலம் 12 வோல்ட் தனியாக வருகிறது. அந்த மாற்றி, வண்டியில் ஏற்கெனவே உள்ள சாதனங்களுக்கு மட்டும் போதுமான அளவில் வைக்கப்பட்டிருக்கும். அதில் கை வைத்தால் உத்தரவாதமும் போகலாம். தனக்கென்று சிறிய லித்தியம் பேட்டரி உள்ள சூடேறும் கையுறை தங்களுக்கு ஏற்றது. விலை அதிகம், ஒவ்வொரு நாளும் சார்ஜ் செய்ய வேண்டும். வண்டியின் வயரிங்கைத் தொட வேண்டியதில்லை.

தலைகுந்தாவாசி:

இத்தனை அக்கறையோடு எழுதிய அனைவருக்கும் நன்றி. மருத்துவர் ஐயா கேட்டதற்கு: ஆம், நிறம் மாறுகிறது. இடது கையின் இரண்டு விரல்கள் நடுக்கணு வரை காகிதம் போல வெளுத்துவிடுகின்றன. வெளுத்த இடத்துக்கும் மற்ற தோலுக்கும் இடையே கோடு போட்டது போலத் தெரியும். பணியிடத்தில் சற்று நேரம் ஆனதும் நீலம் பாய்ந்து, பிறகு சிவந்து, குத்தும் வலியோடு உணர்வு திரும்புகிறது. வண்டியை நிறுத்தியதும் சைலன்சருக்கு அருகில் கையை நீட்டிச் சூடாக்கிக்கொள்ளும் வழக்கம் எங்கள் பக்கம் பலருக்கு உண்டு. அது சரியா என்பதையும் சொல்லுங்கள்.

மருத்துவர்_கோத்தகிரி:

சைலன்சர் வேண்டவே வேண்டாம். உணர்வற்ற விரலுக்குச் சுடுவது தெரியாது. கொப்புளம் வந்த பிறகுதான் தெரியும். நெருப்புக்கும் கொதிநீருக்கும் இதுவே பொருந்தும். கைகளை அக்குளுக்குள் வைத்துக்கொள்ளுங்கள், அல்லது முழங்கையால் தொட்டால் சுடாத இளஞ்சூட்டு நீரில் வையுங்கள். தோள் மூட்டிலிருந்து கையை வேகமாகச் சுழற்றினாலும் இரத்தம் விரல் நுனிக்கு இறங்கும்.

வெளுத்து, நீலமாகி, சிவப்பது ரேனோ என்னும் நிலையின் அடையாளமாகத் தெரிகிறது. விரலின் சிறு இரத்தக் குழாய்கள் குளிருக்கு அளவுக்கு மீறிச் சுருங்குவதே அது. பெண்களிடம் அதிகம் காணப்படுகிறது, பெரும்பாலும் தீங்கற்றது. ஆயினும் சிலருக்கு மூட்டு, தோல் சார்ந்த வேறு நோய்களின் தொடக்கமாகவும் இருக்கக்கூடும். தாங்கள் மருத்துவமனையிலேயே பணியாற்றுவதால், ஒரு முறை நேரில் காட்டிவிடுங்கள், தள்ளிப்போட வேண்டாம். இரத்த அழுத்தத்துக்கோ இதயத்துக்கோ பீட்டா பிளாக்கர் வகை மாத்திரை எடுப்பவர்களுக்கும் கை கூடுதலாகக் குளிரும். அவர்கள் தாமாக மாத்திரையை நிறுத்தாமல் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். புகைப்பிடிப்பவர்களுக்கும் இது மோசமாகும். தங்களைப் போன்றவர்கள் கை மரத்த பிறகு சூடாக்குவதை விட, வீட்டிலிருந்தே சூடான கையோடு புறப்படுவது முக்கியம். கையுறையை வெளியே பனியில் நின்று மாட்டாமல், அடுப்படியிலேயே மாட்டிக்கொண்டு வாருங்கள்.

கல்லட்டி36:

மணிக்கட்டு இடைவெளியைப் பற்றி மருத்துவர் எழுதியதில் ஒரு சிறு சேர்க்கை. ஜெர்கின் கையின் வாய் முன்னோக்கி இருப்பதால் எதிர்க்காற்று அதற்குள் ஏறி முழங்கை வரை போகிறது. பனி மட்டும் உள்ள நாளில் நீண்ட கையுறையை ஜெர்கினின் மேல் இழுத்துவிடுங்கள். காற்று புக வழி இராது. மழை நாளில் அப்படிச் செய்தால் கையில் வழியும் தண்ணீர் நேராகக் கையுறைக்குள் இறங்கும். அன்று ரெயின்கோட்டின் கையை மேலே விட்டு மணிக்கட்டில் பட்டையால் இறுக்க வேண்டும். நனைந்த கையுறையோடு மறுநாள் காலை புறப்படவே கூடாது, நீர் வெப்பத்தை உறிஞ்சும் வேகத்துக்குக் காற்று ஈடாகாது. இரண்டு ஜோடி வைத்துக்கொண்டு மாற்றி மாற்றி உலர்த்துவதுதான் வழி.

தலைகுந்தாவாசி:

தம்பி சொன்னபடி, பழைய ரெயின்கோட் துணியில் உள்ளே கம்பளம் வைத்துத் தையல்காரரிடம் ஹேண்டில் உறை தைத்துக் கட்டிவிட்டேன். ரப்பர் கையுறை தேவைப்படவில்லை, உள்ளே மெல்லிய பருத்திக் கையுறையே போதுமாக இருக்கிறது. உறைபனி விழுந்த காலையிலும் இப்போது லிவரின் அழுத்தம் விரலில் தெரிகிறது. மருத்துவரையும் பார்த்தேன், சில பரிசோதனைகள் எழுதித் தந்திருக்கிறார். ஒரே ஒரு சந்தேகம்: பின்னால் வந்த சக ஊழியர், நான் பிரேக் பிடிக்காதபோதும் பிரேக் விளக்கு விட்டுவிட்டு எரிந்ததாகச் சொல்கிறார். உறை கட்டுவதற்கு முன் அப்படி இல்லை.

மின்கம்பி:

உறையின் முன்பக்கத் துணியை எதிர்க்காற்று அழுத்தி, அது லிவரைத் தொடுகிறது, சகோதரி. மென்மையான உறையில் வேகம் கூடக் கூட இது வரும். விளக்கு எரிவதோடு நிற்காது. லிவர் சற்றே அழுந்திய நிலையில் ஓடினால் பின் சக்கர பிரேக் டிரம் சூடாகி, இறக்கத்தில் பிரேக் பிடிப்பு குறைந்துவிடும். ஐந்து லிட்டர் எண்ணெய் கேனின் பக்கவாட்டுப் பிளாஸ்டிக்கை வளைவாக வெட்டி, ஓரங்களைத் தீயில் காட்டி மழுக்கி, உறையின் முன்பக்கத்தில் துணிக்கும் கம்பளத்துக்கும் இடையே வைத்துத் தைக்கச் சொல்லுங்கள். உறையின் மேல் முனையைக் கண்ணாடித் தண்டிலும், வெளி முனையை ஹேண்டில் நுனி எடையிலும் கட்டுங்கள். லிவருக்கும் துணிக்கும் இடையே இரண்டு விரல் நுழையும் இடம் இருக்க வேண்டும். பிறகு ஹேண்டிலை இரண்டு பக்கமும் கடைசி வரை திருப்பி, ஆக்சிலேட்டரை முறுக்கி விட்டால் தானாகத் திரும்புகிறதா, ஹாரனும் இண்டிகேட்டரும் கைக்கு எட்டுகின்றனவா என்று பாருங்கள். அதுவரை அந்த உறையைக் கழற்றி வைத்துவிட்டு, பாலாடா நண்பர் சொன்ன ரப்பர் கையுறையோடு ஓட்டுங்கள்.

தலைகுந்தாவாசி:

இன்று மாலையே கழற்றிவிடுகிறேன், அண்ணா. வீட்டில் காலி கேன் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை தைக்கக் கொடுக்கிறேன்.